வேறொருத்தியின் காதுக் குஷன்

கவரிலிருந்து எடுத்தபோது ஹெட்போன் குஷன்கள் வெதுவெதுப்பாக இருந்தன.

வெயிலில் நடந்து வந்ததால் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் அதே பையில் கூடவே வந்த சாவிக்கொத்து சில்லென்றுதான் கிடந்தது. அந்தக் கருப்புத் தோல் வளையங்கள் இரண்டில் மட்டும், யாரோ இப்போதுதான் காதிலிருந்து கழற்றிக் கையில் கொடுத்ததைப் போல ஒரு சூடு.

அவளுடைய வேலை, பதிவு செய்த பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்வது. கூட்டங்கள், விசாரணைகள், நேர்காணல்கள் என்று அலுவலகம் அனுப்புகிற எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே அடித்து அனுப்புவாள். மேஜைக்கு அடியில், காலால் மிதிக்க ஒரு பெடல் உண்டு. மிதித்தால் பதிவு ஓடும். காலை எடுத்தால் நின்று, தானாக இரண்டு விநாடி பின்னால் போய்க் காத்திருக்கும். மறுபடி மிதித்தால் கடைசியாகக் கேட்ட இரண்டு விநாடியை இன்னொரு முறை சொல்லிவிட்டுத்தான் மேலே போகும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது காலை எடுத்து வைப்பாள். எட்டு வருடப் பழக்கத்தில் அதற்கு இன்னொரு உபயோகமும் கிடைத்திருந்தது. ஹெட்போனுக்குள் ஏதாவது மணிச்சத்தம் கேட்டால், அது பதிவில் அடித்ததா, தன் வீட்டு வாசலில் அடித்ததா என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை. காலை எடுத்து வைத்தால் போதும். மறுபடி கேட்டால் பதிவில் இருப்பது. கேட்காவிட்டால் வீட்டில் இருப்பது.

காதில் விழாத இடங்களில் "தெளிவில்லை" என்று அடித்து, பக்கத்தில் நேரத்தைப் போட வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒன்று இருந்தால் அலுவலகம் கண்டுகொள்ளாது. போன வாரம் அவள் அனுப்பிய ஒரே பக்கத்தில் பதினான்கு இருந்தன. பழைய குஷன்கள் மக்கிப்போய், கருப்புச் செதில் செதிலாக உதிர்ந்து, காதிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. வீடியோவில் பார்த்த தங்கச்சிகூட, "உன் காதுல என்னக்கா, எறும்பு புத்து கட்டுதா?" என்று சிரித்தாள். அலுவலகம் சிரிக்கவில்லை. அடுத்ததும் இப்படியே வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று ஒற்றை வரி அனுப்பியிருந்தது.

முதலில் துணிக் குஷன் வாங்கி மாட்டிப் பார்த்தாள். காதுக்கு இதமாக இருந்தது, ஆனால் எல்லாக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதைப் போல மெலிந்துபோயிற்று. ஆண்களின் குரலில் நெஞ்சே இல்லை, ஸகரமெல்லாம் ஊசியாகக் குத்தியது. அதைத் தூக்கிக்கொண்டுதான் ரேடியோ ரிப்பேர் கடைக்காரரிடம் இன்று போனாள்.

"துணியில ஓட்டை இருக்கும்மா," என்றார் அவர், குஷனை விளக்குக்கு நேரே பிடித்து. "கனமான சத்தமெல்லாம் அது வழியா ஓடிப்போயிடும். மெலிசுதான் மிஞ்சும்."

"குஷன் மாத்தினதுக்கா இவ்வளவு? உள்ள இருக்கிற ஸ்பீக்கர் அதேதானே?"

"ஸ்பீக்கர் பேசுறது அதேதான். எந்த ரூம்ல நின்னு பேசுதுங்கிறதுதான் மாறுது. உங்க காதுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு விரக்கடை இடம் இருக்கு பாருங்க, அது ஒரு குட்டி ரூம். இந்தக் குஷன்தான் அதுக்கு சுவரு. சுவரை மாத்தினா குரல் மாறாதா? தடியா போட்டா ஆள் தள்ளி நின்னு பேசுற மாதிரி இருக்கும். தோல் போட்டு நல்லா மூடினா, உள்ள இருக்கிறது வெளிய போகாது. வெளிய இருக்கிறது உள்ள வராது."

பேசிக்கொண்டே கீழ் இழுப்பறையைக் கிளறி, ஒரு பழைய ஹெட்போனை வெளியே எடுத்தார். அவளுடையது போலவே, அதே மாடல்.

"ஒரு அம்மா ரிப்பேருக்குக் குடுத்துட்டுப் போனாங்க. உங்க வேலைதான் அவங்களுக்கும். மூணு வருஷம் ஆச்சு, வாங்க வரவே இல்ல. போன் பண்ணா எடுக்கிறாங்க, பேச மாட்டேங்கிறாங்க."

"பேச மாட்டாங்கன்னா?"

"மூச்சு விடறது மட்டும் கேக்கும். நான் எத்தனை தடவைதான் ஹலோ ஹலோன்னு கத்துறது? என் தொண்டை போச்சுன்னா அதுக்கு ஸ்பேர் எங்க கிடைக்கும்?" என்று அவரே சிரித்துக்கொண்டு, குஷன்களை உரித்து எடுத்தார். "நல்ல தோல். வீணாப் போகுதேன்னுதான் தரேன். கொண்டு போங்க."

வீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மாட்டும்போதுதான் அந்தப் பள்ளங்களைப் பார்த்தாள். பல வருடம் ஒரே தலையில் இருந்து இருந்து, குஷன்கள் அந்தத் தலையின் வடிவத்துக்கு அமுங்கியிருந்தன. இடது பக்கம் அதிகமாக நசுங்கியிருந்தது. அந்தப் பெண் இடது கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பவளாக இருக்க வேண்டும். இரண்டு குஷனிலும் மேல்பக்கம் கோடு கிழித்ததுபோல ஒரு பள்ளம் ஓடியது. மூக்குக்கண்ணாடியின் காம்பு பதிந்த தடம். அவள் கண்ணாடி போடுவதில்லை. காதில் வைத்தபோது அந்தத் தடத்தின் வழியே மெல்லிசாகக் காற்று நுழைந்து, காது மடலுக்கு மேல் கூசியது.

பெடலை மிதித்தாள்.

குரல்கள் வந்து உட்கார்ந்தன. அப்படித்தான் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு கூட்டத்தில் பேசிய ஆறு பேரும் அவளைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்ததுபோல, ஒவ்வொருவரின் நெஞ்சும் தொண்டையும் தனித்தனியாகக் கேட்டன. காகிதம் புரள்வது, பேனா மூடியைப் பல்லால் கடிப்பது, பசியில் ஒருவரின் வயிறு முனகுவது எல்லாம் கேட்டன. ஒரு மணி நேரத்தில் ஒன்பது பக்கம் அடித்தாள். ஒரு "தெளிவில்லை" கூட இல்லை. இந்த வீட்டில் இத்தனை பேர் ஒன்றாக இருந்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று தோன்றி, அவளுக்கே சற்று வெட்கமாக இருந்தது.

பத்தாவது பக்கத்தில் பேச்சு ஓய்ந்த ஒரு இடத்தில், எல்லாச் சத்தத்துக்கும் அடியில் ஒரு மூச்சு கேட்டது. நிதானமாக உள்ளே போய், நின்று, வெளியே வந்தது. காலை எடுத்து வைத்தாள். மறுபடி கேட்டது. சரி, பதிவில் இருப்பதுதான். மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாராவது இருப்பார்.

அடுத்த பதிவு வேறு ஊரில், வேறு ஆட்கள் பேசியது. பேச்சு ஓய்ந்த இடத்தில், அதே மூச்சு.

ஆறு மணிக்குத் தங்கச்சி போன் செய்தாள். தினமும் ஆறு மணிக்குச் செய்வாள். அம்மா போன பிறகு அந்த வீட்டுக்குள் அவளை நோக்கியே பேசப்படும் பேச்சு அது ஒன்றுதான்.

"மூட்டை கட்டியாச்சாக்கா?"

"எதுக்குடி?"

"எதுக்கா? நாங்க ஊரையே காலி பண்ணிட்டுப் போறோம், தெரியும்ல? ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வண்டி. உனக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் போட்டிருக்கு. சின்னவ இப்பவே, ஜன்னல் சீட்டு பெரியம்மாவுக்குன்னு அவ அண்ணன்கூட சண்டை போட்டுக்கிட்டிருக்கா."

"நான் வந்து உங்களுக்குப் பாரமா..."

"ஆமா, நீ அப்படியே நூறு கிலோ. உன்னைத் தூக்கத் தனியா ஆள் வச்சிருக்கோம்." சிரித்துவிட்டு, தங்கச்சி குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, போன மாசம் நான் வந்து கால் மணி நேரம் கதவைத் தட்டினேன். ஹெட்போன் போட்டிருந்தேன், கேக்கலைன்னு சொன்ன. நான் ஒண்ணும் சொல்லல."

உண்மையில் அவளுக்கு அன்று எல்லாமே கேட்டது. பெடலை மிதிக்காமல், சத்தமில்லாத ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டலையும் எண்ணியபடி இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்தால் போக வேண்டி வரும் என்ற பயம். போன இடத்தில் ஒரு மூலையைத் தேட வேண்டுமே என்ற கூச்சம். தட்டல் நின்ற பிறகுதான் அழுகை வந்தது.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வருவேன்," என்றாள் தங்கச்சி. "இந்தத் தடவையும் திறக்கலைன்னா, உனக்கு வர இஷ்டமில்லைன்னு புரிஞ்சுக்கிறேன். அப்புறம் தொல்லை பண்ண மாட்டேன். நிஜமாத்தான் சொல்றேன்."

"திறப்பேன்டி."

"சத்தியமா?"

"போடி. சத்தியமா."

போனை வைத்ததும் அம்மாவின் பழைய பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். கைகள் தாமாகவே சேலைகளை மடித்தன. வெகுநாள் கழித்து, ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மூச்சு இன்னும் பக்கத்தில் வந்திருந்தது.

துணிக் குஷனை மாட்டிப் பார்த்தாள். மூச்சு இல்லை. தோல் குஷனை மாட்டினாள். இருந்தது. கனமான சத்தமெல்லாம் துணியில் ஓடிப்போகும் என்று கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. அப்படியானால் அது எப்போதும் இருந்திருக்கிறது. கேட்பதற்குத்தான் இதுவரை சுவர் இல்லை. அந்த எண்ணம் ஆறுதலாக இருக்கவேண்டியது, ஏனோ இருக்கவில்லை. ஆனாலும் கையிலிருக்கும் பதிவுகளை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவதுதான் முறை என்று வேலையைத் தொடர்ந்தாள். மத்தியானம் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு காதுக்கும் மேலே, நெற்றியோரமாக, மெல்லிய சிவப்புக் கோடு. மூக்குக்கண்ணாடிக் காம்பு அழுத்தியதைப் போல. அதன் பிறகு ஹெட்போனை வைத்தபோது காற்று நுழையவில்லை. குஷன்கள் தலையோடு கச்சிதமாகப் பொருந்தி, இரண்டு உள்ளங்கைகள் மெதுவாகப் பொத்தியதுபோல மூடிக்கொண்டன.

சனிக்கிழமை பிற்பகல். வெளியே நல்ல வெயில். ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நேர்நேராக விழுந்திருந்தது. கடைசிப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது; பூட்டிய அறையில் இரண்டு பேர் எதையோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் டொக் என்று ஒரு சொட்டு விழுந்தது. அவள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகும். அதுவாக இருக்கும். பழக்கத்தில் காலை எடுத்து வைத்தாள்.

டொக்.

மறுபடி எடுத்து வைத்தாள்.

டொக்.

அப்படியானால் பதிவில் இருக்கிறது. ஆனால் அந்தச் சொட்டு அவளுக்குத் தெரியும். எவர்சில்வர் கிண்ணத்தின் விளிம்பில் பட்டு, ஒரு மெல்லிய ரீங்காரம் விட்டு அடங்குகிற அந்தச் சொட்டை, காலையில் கிண்ணத்தை அங்கே வைத்தவளுக்குத் தெரியாதா. பின்னால் சாய்ந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. காலை எடுத்து வைத்தாள். அவள் அசையாமல் இருந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது.

"யாரு?"

அவள் வாயிலிருந்துதான் வந்தது. கால் பெடலிலிருந்து நழுவி, மீண்டும் அதன்மேல் விழுந்தது.

"யாரு?" என்றது அவளுடைய குரல், காதுக்குள். அதற்குப் பின்னால் மூச்சு. யாரோ தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்கும்போது விடுகிற மூச்சு.

ஹெட்போனைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். வயரை உருவினாள். கணினியை அணைத்தாள். அன்று மாலை தங்கச்சி போன் செய்தபோது எதையும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நினைப்பாளோ. "நாளைக்கு சீக்கிரமே வந்துடேன்டி," என்று மட்டும் சொன்னாள். "முடிஞ்சா வரேன், இங்க பாத்திரம் பண்டமெல்லாம் தலைக்கு மேல கிடக்கு," என்றாள் தங்கச்சி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வீட்டின் சத்தம் மாறியிருந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. தெருவில் வண்டிகள் போகின்றன, ஜன்னல் வழியாகப் பார்த்தாள், சத்தம் இல்லை. எதிர்வீட்டுப் பெண் வாய் திறந்து யாரையோ கூப்பிட்டாள், சத்தம் இல்லை. உள்ளே மட்டும் எல்லாம் கனத்திருந்தது. அவள் காலடி தரையில் ஆழமாக விழுந்தது. ஃப்ரிட்ஜின் உறுமல் வயிற்றில் அதிர்ந்தது. எச்சில் விழுங்கினால் அறை முழுக்க விழுங்கியது. நல்லா மூடினா, உள்ள இருக்கிறது வெளிய போகாது. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சுவர்தான். சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய் உட்கார்ந்துவிடலாம் என்று எழுந்தாள். கூடத்தைத் தாண்டினாள். தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினாள்.

கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள்.

மறுபடி நடந்தாள். கையை நீட்டினாள். கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். பெட்டி கையில். இரண்டு அடி. இரண்டு விநாடி. மயக்கமாக இருக்கும் என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். டொக் என்று குழாய் சொட்டியது. அதே சொட்டு மறுபடி டொக் என்றது.

உட்கார்ந்தே இருந்தாள். ஜன்னல் நிழல் தரையில் நகர்ந்தது. எழுந்தால் உட்கார்ந்திருந்தாள்.

நாலு மணி.

தட்டல் கேட்டது. வெளியே இருப்பது எதுவும் உள்ளே வராத அந்த வீட்டுக்குள், அது மட்டும் வந்தது. தெளிவாக.

"அக்கா! வந்துட்டேன். வண்டி நிக்குது, வா."

"வரேன்!" என்று எழுந்தாள்.

உட்கார்ந்திருந்தாள்.

"வரேன்!" எழுந்தாள்.

உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா? ஹெட்போனைக் கழட்டு. நான் வந்திருக்கேன்."

"போடலடி! நான் போடல! இங்கதான்..." உட்கார்ந்திருந்தாள். "போடலடி! நான் போடல! இங்கதான்..." உட்கார்ந்திருந்தாள். வெளியே தங்கச்சியின் வளையல் கதவில் உரசுவதுகூடக் கேட்டது. தங்கச்சியின் பேச்சு மட்டும் பின்னால் போகவில்லை. முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

மடியிலிருந்த போன் அடித்தது. கை நகர்ந்தது. இந்த முறை ஏதோ அதைப் பின்னால் இழுக்காமல் ஓட விட்டது. எடுத்தாள்.

"அக்கா?"

"கதவை உடைடி. யாரையாவது கூட்டி..."

"அக்கா, எடுத்துட்டல்ல? பேசு."

"கதவை உடைடி. யாரையாவது..."

"மூச்சு விடறது கேக்குது." தங்கச்சியின் குரல் உடைந்தது. "உள்ளதான் இருக்க. எனக்குத் தெரியுது. ஒரு வார்த்தை சொல்லு. வரலைன்னாவது சொல்லு."

"கதவை..."

"கதவை..."

"கதவை..."

போனிலும் கதவுக்கு வெளியிலும் ஒரே சமயத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சரிக்கா. புரிஞ்சுக்கிட்டேன்."

செருப்புச் சத்தம் படியிறங்கியது. ஒரு படி. இரண்டு படி. மூன்று. வண்டிக் கதவு சாத்தப்பட்டது. சின்னவளின் குரல், "பெரியம்மா எங்கம்மா?" என்றது. அதோடு வெளியிலிருந்து வந்த சத்தம் அத்தனையும் அறுந்தது.

அவள் கத்தினாள். அம்மா என்றா, தங்கச்சியின் பெயரையா, அவளுக்கே தெரியவில்லை. முழு மூச்சில் கத்தினாள்.

மேஜைக்கு அடியில் பெடல் மேலே வந்தது. யாருடைய காலும் அதில் இல்லை.

மெதுவாகக் கீழே இறங்கியது. அவள் கத்தினாள்.

மேஜையின் மேல், வயர் உருவிய ஹெட்போன் நிமிர்ந்து நின்றிருந்தது. நான்கு மணி வெயில் அதன்மேல் நேராக விழுந்தது. குஷன்கள் அமுங்கத் தொடங்கின. முதலில் இடது பக்கம். பிறகு வலது. மேலே கண்ணாடிக் காம்பின் கோடு ஆழமானது. ஹெட்போன் முழுதும் இடதுபுறம் சாய்ந்தது, ஒரு கையில் தலையைத் தாங்கிக் கேட்பவளைப் போல.

அணைத்து வைத்திருந்த திரை வெளிச்சமானது. விசைகள் ஒவ்வொன்றாகக் கீழே போய் மேலே வந்தன. அவசரமில்லாமல். வேலை தெரிந்த கையாக.

பெண் குரல்: தெளிவில்லை. 4:09.

பெடல் மேலே வந்தது.